பின்னால் நின்ற குரல்

லைல் ஹூக்ஸ்ட்ரா பார்க்கிற படங்களில் சத்தம் கிடையாது. மைதானத்தின் உச்சியிலிருந்து ஒரு காமிரா, கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து ஒரு காமிரா. இரண்டு பக்கத்து இருபத்திரண்டு பேரும் தெரிவார்கள். ஒருவர் இருமுவதுகூடக் கேட்காது. சாலையோர விடுதியில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு, நான்கைந்து விநாடியே ஓடுகிற ஆட்டத் துண்டுகளை முன்னும் பின்னுமாக ஓட்டிப் பார்ப்பதுதான் அவருடைய பிழைப்பு.

ஆள் பார்க்கிற வேலை. பந்தைக் கையில் எடுத்து எறிந்தும் ஓடியும் ஆடுகிற அமெரிக்கக் கால்பந்தில், பணத்துக்கு ஆடுகிற பெரிய குழு ஒன்று அவரை வைத்திருந்தது. நெப்ராஸ்கா மாநிலமும் அதற்கு வடக்கே இரண்டு டகோட்டா மாநிலங்களும் அவருடைய எல்லை. அங்கிருக்கும் கல்லூரிகளுக்கெல்லாம் காரில் போய், எந்தப் பையன் பெரிய ஆட்டத்துக்குத் தேறுவான், எவன் தேற மாட்டான் என்று சொல்ல வேண்டும். ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட் வரும். எல்லாக் குழுக்களும் முறைவைத்து, தேர்ந்தவர்கள் முதலில் என்று, சுற்றுச் சுற்றாக, ஏழு சுற்றில் கல்லூரிப் பையன்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். அந்த மூன்று நாளுக்காகத்தான் மீதி வருஷம் முழுக்க லைல் கார் ஓட்டினார்.

முன்வரிசைத் தடுப்பாளர்களைப் பார்ப்பதில் அவருக்குப் பெயர் உண்டு. பந்தைத் தொடாமலே கால்பந்து ஆடுகிறவர்கள் அவர்கள். எதிராளிகள் பாய்ந்து வந்து பந்து எறிகிறவனைச் சாய்த்துவிடாமல், நடுவில் சுவராக நின்று தாங்க வேண்டும். லைலும் ஒரு காலத்தில் அயோவாவில் சின்னக் கல்லூரி ஒன்றில் அப்படி நின்றவர்தான். பிறகு பள்ளிக்கூடத்தில் தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார், மாலையில் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தார், யாரோ கூப்பிட்டு இந்த வேலைக்கு வந்தார். கையைப் பார்க்கும் முன் காலைப் பார்ப்பார். காலைப் பார்க்கும் முன் இடுப்பை. இடுப்பு இறங்காதவன் எவ்வளவு பெரிய ஆளானாலும் அவன் வெறும் கதவு, தள்ளினால் திறந்துவிடுவான் என்பார். இதை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்து வந்தது.

ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் அவர் மேசையைத் தட்டிச் சிபாரிசு செய்த தடுப்பாளன் முதல் கோடையிலேயே வெளியே போனான். அவரை வேலைக்கு வைத்தவரும் போனார். அந்த இடத்துக்குப் புதிதாக வந்த மார்ட்டி கெல்லர்மனுக்கு லைலைவிடப் பதினைந்து வயது குறைவு. ஆகஸ்டில் நடந்த கூட்டத்தில், எல்லோரும் இருக்கையில், மரியாதையாகத்தான் கேட்டார்.

"லைல், உங்க ஏரியாலேர்ந்து கடைசியா வந்து இன்னும் நம்மகிட்ட இருக்கற ஆள் யாருன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

சொல்வதற்கு லைலிடம் ஒரு பெயரும் இல்லை.

டிராஃப்ட் முடிந்ததும் அவருடைய ஒப்பந்தமும் முடிகிறது. ஐம்பத்தேழு வயதில் வேலை போன ஆள் பார்க்கிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். பழைய குழுவின் சட்டையைப் போட்டுக்கொண்டு சனிக்கிழமைதோறும் ஏதாவது ஒரு கல்லூரி வேலியோரம் நிற்பார்கள். கையில் ஓட்டத்தை அளக்கிற கடிகாரம் இருக்கும். எடுத்த நேரத்தைக் கேட்கத்தான் ஆள் இருக்காது. இந்த வருஷம் தன் எல்லையிலிருந்து ஒரே ஒரு பெயர் குழுவுக்குள் போய்விட வேண்டும். அது போதும். அது இல்லாவிட்டால் அவரும் இல்லை.

அப்படித் தேடியபோது கண்ணில் பட்டவன்தான் எமெட் ப்ரோசெக். வடக்கு நெப்ராஸ்காவில் பிராட்வாட்டர் என்ற சின்னக் கல்லூரி. அதன் முன்வரிசையில் இடதுகோடித் தடுப்பாளன். மாட்டுப் பண்ணைக்காரர்களின் பையன். நாற்காலியில் உட்கார்வதுபோல இடுப்பு இறங்கும். கால் தரையை விட்டு எழுந்ததே தெரியாது, ஆனால் ஆள் இடம் மாறியிருப்பான். லைல் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். விதையைக் கொறிக்க மறந்துவிட்டது.

ஆனால் ஒரு குறை. வெளியூர் ஆட்டங்களில், அதுவும் பெரிய கல்லூரிகளின் மைதானத்தில், அவனைத் தாண்டி ஒருவனும் போக முடிவதில்லை. சொந்த ஊரில் சொத்தைக் குழுக்களோடு ஆடும்போது, பந்து கிளம்பின பிறகு, குனிந்த நிலையிலிருந்து ஒரு கணம் தாமதமாக எழுந்தான். ஒரே ஒரு கணம். பெரிய ஆட்டத்தில் அந்த ஒரு கணத்தில் பந்து எறிகிறவன் தரையில் கிடப்பான்.

அவனைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே விளக்கத்தைத்தான் வைத்திருந்தார்கள். வேறொரு குழுவுக்கு ஆள் பார்க்கிற கர்டிஸ் பெல்லாமி, சாலையோர உணவகத்தில் லைலோடு உட்கார்ந்து முட்டை தின்றுகொண்டே சொன்னார்: "வெளியூர்ல புலி, உள்ளூர்ல எருமை. எதிராளி பெரிய ஆளா இருந்தாத்தான் தம்பிக்குத் தூக்கம் கலையுது."

"சோம்பேறின்னா சொல்ற?"

"நான் சொல்லல, படம் சொல்லுது. அலபாமால எங்க ஊர்ல இப்படி ஒரு கோவேறு கழுதை இருந்துச்சு. சந்தைக்குப் போனா ஓட்டம், வயலுக்குப் போனா படுக்கை."

"அந்தக் கழுதைய எந்தக் குழு எடுத்துச்சு?"

"உன் குழுதான். இரண்டு வருஷம் முன்னாடி."

லைல் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை பிராட்வாட்டரின் உள்ளூர் ஆட்டத்துக்குப் போனார். வழக்கமாக மேலே, பத்திரிகைக்காரர்களின் கண்ணாடி அறையில் உட்காருவார். அன்று அங்கே சூடேற்றும் இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. எங்கே போனாலும் குளிர்தான் என்று கீழே இறங்கி ஆட்டக்கோட்டின் ஓரத்தில் நின்றார். கூட்டம் குறைவு. பந்து எறிகிறவன் "ஹட், ஹட்" என்று கத்துவது தெளிவாகக் கேட்டது. எத்தனையாவது கத்தலில் வரிசையின் நடுவில் இருப்பவன் பந்தைப் பின்னால் எறிகிறவனுக்குத் தள்ளுவான் என்று தடுப்பாளர்கள் முன்கூட்டியே பேசிவைத்திருப்பார்கள். அந்தக் குரலுக்கே வரிசையில் மற்ற நான்கு பேரும் எழுந்தார்கள். எமெட் குரலுக்கு எழவில்லை. அவன் தலையைத் துளி திருப்பி நடுவிலிருக்கும் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பந்து அசைந்த பிறகு எழுந்தான்.

லைலுக்குச் சட்டென்று பிடிபட்டது. வெளியூர் மைதானங்களில் கூட்டம் போடுகிற கூச்சலில் குரல் எடுபடாது. அங்கே யாருமே கத்துவதில்லை. பக்கத்திலிருப்பவன் நடுவில் இருப்பவனைத் தட்டுவான், அவன் தலையை நிமிர்த்துவான், பந்து வரும். எல்லோரும் கண்ணால் ஆடுகிற ஆட்டம் அது. எல்லோரும் கண்ணால் ஆடும்போது இந்தப் பையனை மிஞ்ச ஆளில்லை. இத்தனை பேர் இத்தனை மணி நேரம் படம் பார்த்தும் ஒருவருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? படத்தில்தான் சத்தமே கிடையாதே.

மறுநாள் கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தில் எமெட்டைப் பிடித்தார். மலை மாதிரி நூடுல்ஸைத் தட்டில் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லைல் அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, கூடத்து இரைச்சலில், சாதாரணக் குரலில், "அந்த உப்பை இப்படித் தள்ளு" என்றார். அவன் தின்றுகொண்டிருந்தான். மறுபடி சொன்னார். தின்றுகொண்டிருந்தான். லைல் எழுந்துபோய் எதிரே உட்கார்ந்தார்.

அவர் முகத்தைப் பார்த்ததுமே அவன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"எந்தக் காது?" என்று கேட்டார் லைல்.

"வலது சுத்தமாப் போச்சு சார். இடதுல பாதி இருக்கு. மூணு வயசுல காய்ச்சல் வந்துச்சாம்."

"யார் யாருக்குத் தெரியும்?"

"அம்மாவுக்கு. வரிசைல என் பக்கத்துல நிக்கற டோபிக்கு. இப்ப உங்களுக்கு." அவன் தட்டைப் பார்த்தபடி பேசினான். "ஸ்கூல் கடைசி வருஷம் ஒரு பெரிய யுனிவர்சிட்டில சீட் தர்றேன்னாங்க சார். கோச் வாரா வாரம் போன் பண்ணுவார். டாக்டர் டெஸ்ட்ல காது தெரிஞ்சுது. அப்புறம் போன் வர்றது நின்னுடுச்சு. வேணாம்னுகூட யாரும் சொல்லல, போன்தான் வரல."

"உன்னைச் சோம்பேறின்னு எழுதறாங்க, தெரியுமா?"

"தெரியும். சோம்பேறின்னா திருத்திடலாம்னு நினைப்பாங்க. செவிடுன்னா தூக்கிப் போட்டுருவாங்க. சார், ப்ளீஸ். நீங்க எழுதிடாதீங்க."

லைல் எழுத மாட்டேன் என்று சொன்னார். பாவம் என்று தோன்றியதும் உண்மை. ஆனால் காருக்குப் போகும்போது நெஞ்சில் துள்ளிக்கொண்டிருந்தது பரிதாபம் அல்ல. இந்தப் பையன் சோம்பேறி இல்லை என்பது நாட்டில் ஆள் பார்க்கிறவர்களிலேயே தனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். மற்றவர்கள் ஒதுக்கிவிட்டுப் போவார்கள், தான் அள்ளிக்கொள்ளலாம். பல வருஷத்துக்குப் பிறகு அன்று அவர் காரில் விசிலடித்தார்.

குளிர்காலம் முழுக்க கெல்லர்மனிடம் அவனைப் பற்றியே பேசினார். காதை மட்டும் சொல்லவில்லை. "தாமதம்தான், ஆனா திருத்திடலாம்" என்றார். பிப்ரவரியில் கெல்லர்மன் ஒருவழியாக இறங்கிவந்தார்.

"ஏழாம் சுற்று. அதுக்கு மேல ஒரு படிகூட ஏற மாட்டேன் லைல். அதுவரைக்கும் அவன் மிச்சமிருந்தா, அவன் உங்க ஆளு."

அதுவரை மிச்சமிருப்பானா என்பதுதான் இப்போது லைலுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. ஏனென்றால் மார்ச்சில் காற்று மாறியது. பெரிய கல்லூரி ஒன்றின் மைதானத்தில் எமெட் முன்பு ஆடிய ஆட்டத்தின் படம் எல்லோர் கண்ணிலும் பட்டிருந்தது. கர்டிஸ் வந்து, "பிராட்வாட்டர் சோதனை நாளுக்கு நானும் வர்றேன். எருமை அன்னிக்கு எழுந்துட்டா எங்க ஆளுங்க நாலாம் சுற்றுலயே எடுத்துருவாங்க போல" என்றார். லைல் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை.

குழுக்காரர்கள் முன்னால் பையன்கள் ஓடியும் ஆடியும் காட்டுகிற அந்தச் சோதனை நாள், கல்லூரியின் தகரக் கூரை போட்ட உள்ளரங்கத்தில் நடந்தது. வெளியே பனி. மேலே சூடேற்றும் ஊதிகள் ஹோவென்று இரைந்துகொண்டிருந்தன. எடை தூக்கும் பக்கம் யாரோ பாட்டை அலறவிட்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு குழுக்காரர்கள் வந்திருந்தார்கள். எமெட்டின் உயரம், எடை, கையின் நீளம் எல்லாம் எடுத்தார்கள். ஓடவிட்டார்கள். எல்லாம் நன்றாகவே வந்தது. கர்டிஸ் பேசாமல் குறித்துக்கொண்டிருந்தார். அவர் பேசாமல் இருந்தால் ஆளைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

கடைசியாகத் தடுப்பாளர்களுக்கான பயிற்சி. சின்னக் கல்லூரிகளில் இதற்கென்று தனி ஆள் வருவதில்லை. வந்திருக்கும் குழுக்காரர்களிலேயே முன்வரிசையில் ஆடினவர் எவரோ அவர் எழுந்து நடத்த வேண்டும், மற்றவர்கள் பார்ப்பார்கள். அது ஊரறிந்த வழக்கம். எல்லோரும் லைலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எமெட், டோபி, இன்னொருவன் என மூன்று பேர் வரிசையாகக் குனிந்து கையைத் தரையில் ஊன்றினார்கள். அவர்களைக் கிளப்பிவிட இரண்டு முறை உண்டு. முன்னால் மண்டியிட்டுப் பந்தைக் கையில் வைத்து அசைக்கலாம். அல்லது, எறிகிறவன் நிற்பதுபோலப் பின்னால் நின்று குரல் கொடுக்கலாம். எப்படிச் செய்தாலும் ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

பந்து லைலின் கையில் இருந்தது. எமெட் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். பயமே இல்லாத பார்வை. இவருக்குத் தெரியும், இவர் முன்னால்தான் நிற்பார் என்று நம்பிய முகம்.

முன்னால் நின்றால் பையன் எல்லோருக்கும் முன் எழுவான். நாலாம் சுற்றில் கர்டிஸ் கொண்டுபோவான். மே மாதம் வேலியோரம் போய் நிற்க வேண்டியதுதான். பின்னால் நின்றால், இன்னும் ஒரு மாதம். ஒரே மாதம் இவன் சோம்பேறியாக இருந்தால் போதும். பிறகு தன் குழுவில் தானே இவனைத் தூக்கி நிறுத்துவார். இவனுக்கும் நல்லதுதானே. இப்படியெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் கால்கள் நடந்துவிட்டன. லைல் பந்தைத் தரையில் உருட்டிவிட்டுப் பின்னால் போய், எமெட்டின் வலது தோளுக்கு நேராக நின்றார்.

"ஹட்."

இருவர் எழுந்தார்கள். டோபி எழுந்ததைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு எமெட் எழுந்தான்.

மறுபடியும் அதேதான். மூன்றாவது முறை அவன் மனதுக்குள் எண்ணிக்கொண்டு குருட்டுத்தனமாகப் பாய்ந்தான். லைல் அப்போது வாயே திறந்திருக்கவில்லை. தனியே இரண்டடி முன்னால் போய் நின்று, மற்ற இருவரும் இன்னும் குனிந்திருப்பதைத் திரும்பிப் பார்த்தான். சுவரோரம் சிரிப்பு எழுந்தது.

"என்ன லைல், உன் ஆளுக்குக் கரண்ட் லேட்டா வருதா?" என்றார் கர்டிஸ். பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பின் எமெட் கார் நிற்கும் இடத்துக்கு வந்தான். மேல்சட்டைகூடப் போடவில்லை, உடம்பிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. எதற்கும் தயாராகத்தான் லைல் நின்றார்.

"சொதப்பிட்டேன் சார். அந்த ஊதிச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல. எல்லாரும் ஒரே மாதிரி செய்யணும்னு உங்களுக்கு ரூல் இருக்கும், அது புரியுது." கையை நீட்டினான். "அப்பகூட நீங்க யார்கிட்டயும் சொல்லல. தேங்க்ஸ் சார்."

லைல் அந்தக் கையைக் குலுக்கினார். வழியில் பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் ஒரு சாண்ட்விச் வாங்கி, பிரிக்காமலே குப்பையில் போட்டார்.

டிராஃப்டின் மூன்றாம் நாள். குழுவின் பெரிய அறையில் சுவர் முழுக்கப் பெயர்ச் சீட்டுகள். எதிர்ச் சுவரில் இன்னொரு பலகை உண்டு. வேண்டாம் என்று தள்ளிய பெயர்கள் அதில் இருக்கும். நாலாம் சுற்று போயிற்று, ஐந்தாவது போயிற்று. எமெட்டின் பெயரை யாரும் சொல்லவில்லை. லைல் நினைத்தபடியேதான் நடந்தது. ஆறாவது முடிந்ததும் அவருக்கு மூச்சு இலகுவாக வந்தது. ஏழாவதில் அவர்கள் முறை நெருங்கியபோது கெல்லர்மன் எழுந்து, ப்ரோசெக் என்று எழுதிய சீட்டை எடுத்து எதிர்ப் பலகையில் ஒட்டினார்.

"மார்ட்டி," என்றார் லைல். "ஏழாம் சுற்றுன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். அப்புறம் அந்தக் கல்லூரிக்காரங்க சோதனை நாள் வீடியோவை எல்லாருக்கும் அனுப்பினாங்க. பயிற்சிய நடத்தினது நீங்க. உங்க குரலுக்கே மூணு தடவை தப்பா கிளம்பறான். திருத்திடலாம்னு வேற சொல்றீங்க. எதைத் திருத்தறது?"

"அவன் லேட் இல்ல."

"வீடியோ போடவா?"

"அவனுக்குக் காது கேக்காது மார்ட்டி."

அறையில் எல்லோரும் திரும்பினார்கள். லைல் சொன்னார். வெளியூர் ஆட்டம், உள்ளூர் ஆட்டம், பந்தைப் பார்த்து எழுவது, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அடுத்த கேள்வி எது என்று அவருக்கே தெரிந்தது. அதுவும் வந்தது.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அக்டோபர்ல."

"தெரிஞ்சேதான் பின்னாடி நின்னீங்க."

"வேற யாரும் எடுத்துடக் கூடாதுன்னு. நமக்காக."

"நமக்காக இல்ல லைல்." கெல்லர்மன் குரலை உயர்த்தவே இல்லை. "அக்டோபர்லயே சொல்லிருந்தா டாக்டர்கிட்ட அனுப்பிருப்பேன். நம்ம கோச்ச அனுப்பிப் பாக்கச் சொல்லிருப்பேன். இப்ப பத்து நிமிஷத்துல ஒரு பேர் சொல்லணும். காதைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா, இதை மறைச்சவர் வேற என்ன மறைச்சிருப்பார்னு இந்த அறைல எல்லாரும் யோசிக்கறாங்க. நானும்தான்." பிறகு, "திங்கக்கிழமை காலைல என்னை வந்து பாருங்க" என்றார்.

டிராஃப்டுக்கு அடுத்த திங்கட்கிழமை காலையில் எதற்கு வந்து பார்க்கச் சொல்வார்கள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் இருந்தவர் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். அவர்கள் முறை வந்தது. கெல்லர்மன் வேறு பெயரைச் சொன்னார்.

லைல் நடைவழிக்கு வந்து கர்டிஸுக்குப் போன் செய்தார். கர்டிஸின் குழுவுக்கு இன்னும் ஒரு முறை பாக்கி இருந்தது.

"கர்டிஸ், பிராட்வாட்டர் பையனை எடுத்துக்க. அவன் லேட் இல்ல. காது கேக்காது, அவ்வளவுதான். வெளியூர்ப் படத்தைப் பாரு, தட்டி ஆரம்பிக்கறாங்க—"

"யோவ், நில்லு. காது கேக்காதா? பயிற்சிய நடத்தினது நீ."

"அப்ப எனக்குத் தெரியாது. அப்புறம்தான் தெரிஞ்சுது."

எதிர்முனையில் சிரிப்பு. "ஏப்ரல்ல நீ மணி என்னன்னு சொன்னாக்கூட நான் என் வாட்சைப் பாத்துக்குவேன். உன் ஆளுங்க வேற எவனையோ குறிவெச்சிருக்காங்க, நான் இவனை எடுத்துட்டு அவனை விட்டுடணும். அதானே?"

"சத்தியமா இல்லய்யா."

"இதே வார்த்தைய போன வருஷம் நான் உன்கிட்ட சொன்னேன். நீ நம்பினியா? நம்பல. நான் சொன்னதும் பொய்தான். போய் வேலையப் பாரு."

லைல் மாடிப்படியில் உட்கார்ந்து, கைப்பேசியில் பெயர்கள் ஒவ்வொன்றாக வருவதைப் பார்த்தார். கடைசிப் பெயர் வரைக்கும் வந்தது. ப்ரோசெக் வரவில்லை. இனி எடுக்கப்படாத பையன்களுக்குக் குழுக்கள் நேராகப் போன் செய்து கூப்பிடும் நேரம். அதுவும் சந்தை மாதிரிதான், வேகமாகத் தீர்ந்துவிடும். உள்ளே எல்லோரும் போனை எடுத்துவிட்டிருந்தார்கள். அவருக்கு மட்டும் யாரையும் கூப்பிட உரிமை இல்லை.

அவர் எமெட்டைக் கூப்பிட்டார். பின்னால் நிறையப் பேர் அடக்கிப் பேசுகிற சத்தம் கேட்டது. கொண்டாடுவதற்காக வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிற உறவுக்காரர்கள். யாரோ தட்டுகளை அடுக்கினார்கள்.

"சார். உங்க டீம்லேர்ந்தா?"

"இல்லப்பா. சத்தமில்லாத இடத்துக்குப் போ. நல்ல காதுல வெச்சுக்கோ."

கதவு மூடும் ஓசை. லைல் சுற்றி வளைக்காமல் சொன்னார். பந்து தன் கையில் இருந்ததை, முன்னால் நிற்க முடியும் என்பதை, எந்த ரூலும் இல்லை என்பதை, ஏன் பின்னால் போனார் என்பதை. ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது, அவனுக்குக் கேட்க வேண்டுமே. இப்படி ஒரு விஷயத்தை மெதுவாகச் சொல்வது எவ்வளவு கொடுமை என்று அப்போதுதான் தெரிந்தது.

"அன்னிக்கு உங்களுக்குத் தேங்க்ஸ் சொன்னேன்," என்றான் எமெட்.

"ஆமா."

"கேட்டுக்கிட்டு நின்னீங்க."

"ஆமா."

போனை வைத்துவிடுவான் என்று லைல் காத்திருந்தார். வைத்திருந்தால் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும்.

"எமெட், கர்டிஸ் பெல்லாமின்னு ஒருத்தர். அன்னிக்குச் சிரிச்சவர். உன்னை அவருக்குப் பிடிச்சிருந்துச்சு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறார். நீ சொன்னா நம்புவார். காதைப் பத்தி நீயே சொல்லணும். இன்னும் அரைமணி போச்சுன்னா இடமெல்லாம் தீர்ந்துரும்."

"சொன்னா, போன் வராம நின்னுடும் சார்."

"இப்ப மட்டும் வந்துக்கிட்டா இருக்கு?"

சொன்ன பிறகு, அதைவிட மென்மையாகச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. மறுமுனையில் இழுப்பறை ஒன்றைத் திறந்து துழாவுகிற ஓசை கேட்டது. பிறகு அவன், "நம்பர் சொல்லுங்க" என்றான். லைல் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். அவன் திருப்பிச் சொன்னான். எல்லாம் சரியாக இருந்தது. வைத்துவிட்டான்.

லைல் கீழே போய்க் காரில் உட்கார்ந்தார். கிளப்பவில்லை. வீட்டுக்குப் போனால் மனைவி முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், அதை இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டார். திங்கட்கிழமை கெல்லர்மன் என்ன சொல்வார் என்பதும், தான் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்பதும் வரிசையாக மனதில் ஓடின. போன் அடித்தபோது இருண்டுகொண்டு வந்தது.

"உன் பையன் பேசினான்," என்றார் கர்டிஸ். இந்தத் தடவை குரலில் கேலி இல்லை. "படத்தைத் திரும்பப் போட்டுப் பாத்தேன். தட்டறதைப் பாத்தேன். இத்தனை தடவை பாத்துட்டு, கண்ணு இருந்தும் நான்தான் குருடன். ஒப்பந்தமெல்லாம் கிடையாது, எங்க கோச் ஒத்துக்கல. பயிற்சி முகாமுக்கு மூணு நாள் வரச் சொல்லிருக்கேன், சோதிச்சுப் பாக்கத்தான். பிடிக்கலன்னா அனுப்பிருவாங்க. அனுப்பறதுக்குத்தான் வாய்ப்பு ஜாஸ்தி."

"வர்றானா?"

"வர்றான். நீ தெரிஞ்சே பின்னாடி நின்னியான்னு அவன்கிட்ட கேட்டேன். ‘அதை அவரையே கேளுங்க’ன்னான். கேக்கறேன். தெரிஞ்சேதானா?"

"தெரிஞ்சேதான்."

இருவரும் இருபது வருஷமாக ஒரே உணவகங்களில் எதிரெதிரே உட்கார்ந்து பொய் பேசியவர்கள். ஆனால் இது அந்தப் பொய்களோடு சேர்த்தி இல்லை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

"மூணு நாள்தான் இருக்கு," என்றார் கர்டிஸ். "அவனை எங்க நிறுத்தறது? அதை மட்டும் சொல்லு. வேற எதுவும் உன்கிட்ட எனக்கு வேணாம்."

குளிர்காலம் முழுக்க அந்தக் காதை எப்படி மறைப்பது என்று மட்டுமே யோசித்த லைல், இந்தக் கேள்வியைத் தன்னிடம் ஒருமுறைகூடக் கேட்டுக்கொண்டதில்லை. கண்ணை மூடினார். வரிசையில் ஐந்து பேர் குனிந்து நிற்கிறார்கள். நடுவில் பந்து. அதற்குப் பின்னால் குரல். இடது கோடியில் நிற்கிறவனுக்கு எல்லாச் சத்தமும் வலது பக்கத்திலிருந்துதான் வரும்.

"வலது கோடிக்கு மாத்து," என்றார். "அப்ப நல்ல காது பந்து பக்கம் இருக்கும். கால் மாத்தி வைக்கக் கொஞ்சம் தடுமாறுவான், முதல் நாள் மோசமாத்தான் இருக்கும். அதை வெச்சு முடிவு பண்ண வேணாம்னு உங்க கோச்கிட்ட சொல்லு. இடுப்பைப் பாக்கச் சொல்லு."

"இத்தனை வருஷமா யாரும் மாத்திப் பாக்கலயா?"

"யார்கிட்டயும் சொல்லலயே."

கர்டிஸ் குறித்துக்கொள்வது போனில் கேட்டது. "வலது கோடி," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு வைத்துவிட்டார்.